பணிப்பாளருக்குப் படங்கு கட்டிய அக்கா

படங்கக்கா தண்ணீர் ஊற்றாத மனிதர் நோர்வூட்டில் எவரும் கிடையாது. தபால்காரர் மீது ஊற்றியிருக்கிறார். பங்குச் சுவாமியார் மீது ஊற்றியிருக்கிறார். கடன் விண்ணப்பத்தை விசாரிக்க வந்த வங்கி அதிகாரி மீது ஊற்றியிருக்கிறார். வாக்குக் கேட்டு வந்த வேட்பாளர் ஒருவர் மீது, அவருடைய ஆட்கள் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே, ஒரு வாளியைக் கவிழ்த்திருக்கிறார். இவ்வளவையும் செய்துவிட்டு, பொலிசில் ஒரு முறைப்பாடுகூட இல்லாமல், மறுநாள் அதே ஆட்களிடம் சுகம் விசாரிக்கக்கூடிய ஒரே பிரஜை இந்த மலைநாட்டில் அவர்தான்.

காரணம் பகை அல்ல, தொழில். கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை சுற்றிக் கட்டுகிற மழைத்துணிக்குப் படங்கு என்று பெயர். அந்தக் காலத்தில் அது சாக்கு. இப்போது ரெக்சின். நனைந்த தேயிலைச் செடிகளுக்குள் நாள் முழுக்க நிற்கிறவளுக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் இருப்பது அது ஒன்றுதான். படங்கக்கா அதைத் தைத்து விற்பவர். தைத்ததை வாங்க வந்தவரின் இடுப்பில் கட்டி, தண்ணீர் ஊற்றி, உள்ளே ஈரம் இல்லை என்று அவர் வாயால் சொல்ல வைத்த பிறகுதான் கையில் கொடுப்பார். வாங்க வராதவர்களுக்கும் ஊற்றுவார். அது விளம்பரம்.

பெயர்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. இடுப்பளவு நிற்கும். தூரத்தில் ஆள் வரும்போதே கண்ணால் அளந்துவிடுவார். அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு அதுதான் பெயர். சுவாமியார் நாற்பது. தபால்காரர் இருபத்தொன்பது. பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, "நாப்பது சாமி, தவக்காலத்துல கொஞ்சமாவது கொறஞ்சிருக்க வேணாமா?" என்று கோயில் வாசலில் வைத்துக் கேட்டவர். வயதில் நான் அவரைவிட மூத்தவன். இருந்தாலும் ஊருக்கெல்லாம் அக்கா என்பதால் எனக்கும் அக்கா. அலுவலகத்தில் இருந்தவன் என்பதால் அவருக்கு நான் முப்பத்தெட்டு சேர்.

குடை என்றால் அவருக்கு ஆகாது. இரண்டு கையாலும் கொழுந்து எடுக்கிறவளால் குடை பிடிக்க முடியாது. ஆகவே குடை பிடிக்கிறவன் வேலை செய்யாதவன். இதுதான் அவருடைய சமூகவியல். கலியாணத்துக்கும் பட்டுச் சேலைமேல் படங்கு கட்டிக்கொண்டுதான் போவார். நான் ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு மழைநாளில் குடையோடு பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனேன். டவுனில் படங்கு விற்றுக்கொண்டு நின்ற அக்காவிடமிருந்து குரல் வந்தது.

"முப்பத்தெட்டு சேர், அந்தக் குடைய மடக்குங்க. பாண் வாங்குற கையில எதுக்குங்க குடை?"

மடக்கினேன். கட்டினார். ஊற்றினார். உள்ளே ஒரு சொட்டு இல்லை. தோட்டக் கம்பனியின் பிராந்திய அலுவலகத்தில், கொள்வனவுப் பிரிவில் என் தலை நரைத்தது. அந்தப் பிரிவில் படங்கு வாங்கும் நடைமுறையில் மூன்று விலைமனு உண்டு, மாதிரி உண்டு, குழு உண்டு, குழுவுக்குத் தேநீர் உண்டு. கட்டிப் பார்ப்பது மட்டும் எந்த விதியிலும் கிடையாது.

இனி அந்தக் கம்பனி. பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே சட்டைதான், பொத்தான்தான் வேறு. எங்கள் தேயிலையை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஒரு நாள் தலைமை அலுவலகத்திடம் ஒரு கேள்வி கேட்டார்கள். நீங்கள் பொருள் வாங்குகிறவர்களில் உங்கள் தோட்டச் சமூகத்தைச் சேர்ந்த மலையகத் தமிழர் எத்தனை பேர்? கொழும்பில் தேடிப் பார்த்தார்கள். செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி ஒருவரிடம், உரம் ஒருவரிடம், கூடை ஒருவரிடம், விழாவுக்குப் பந்தல் இன்னொருவரிடம். எங்களில் ஒருவரும் இல்லை. இருநூறு வருடமாக எங்களிடம் அவர்கள் வாங்கிய ஒரே பொருள் உழைப்பு. அதற்கும் விலைமனுக் கோரியதில்லை, விலையை அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

கேள்விக்குப் பதில் வேண்டுமே. உள்ளடக்கல் திட்டம் என்று ஒன்று பிறந்தது. ஒதுக்கப்பட்ட சமூகத்தைப் பொருளாதாரத்தில் உள்ளடக்குவதாம். யார் ஒதுக்கியது என்று திட்டத்தின் பிரசுரத்தில் எங்கும் இல்லை. மழை மாதிரி தானாக நடந்துவிட்டது போல எழுதியிருந்தார்கள். அதற்கு ஒரு பொறுப்பாளர். கொழும்புத் தமிழர், நல்ல பிள்ளை, வெயிலிலும் கோட் போடுவார். சமூகத்தைச் சேர்ந்த ஒரு வழங்குநரைத் தேடி மலையேறி வந்தவருக்குப் படங்கக்கா கிடைத்தார்.

"இருவத்தெட்டு தம்பி, கோட்டக் கழட்டுங்க" என்றார் படங்கக்கா.

கழற்றினார். கட்டினார். ஊற்றினார். தம்பிக்கு ஒரே ஆனந்தம்.

"அக்கா, நீங்கதான் எங்கட திட்டத்தின்ட முகம்."

"மொகம் எதுக்குங்க தம்பி? தைக்கிறது கையி."

தம்பி சிரித்துக்கொண்டே படம் எடுத்தார். முகத்தைத்தான் எடுத்தார்.

கம்பனியின் எல்லாத் தோட்டங்களுக்கும் படங்கு தைக்கிற ஆர்டர் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவிடம் மூன்று மெஷின்கள், நான்கு பெண்கள். நால்வரும் கொழுந்து எடுத்து இடுப்பு விட்டுப்போனவர்கள். அந்த ஆர்டர் வந்தால் அவர்கள் திரும்ப மலைக்கு ஏற வேண்டியதில்லை. வராவிட்டால் ஒருத்தி கொழும்புக்கு வீட்டு வேலைக்கு, இன்னொருத்தி மத்திய கிழக்குக்கு. விஷயம் அவ்வளவுதான். ஒரு கம்பனிக்கு இது கணக்கில் ஒரு வரி. இவர்களுக்கு இது வீடு.

விண்ணப்பத் தாள்களோடு படங்கக்கா என் வாசலுக்கு வந்தார்.

"சேர், ஒங்களுக்குத்தான் எல்லாக் குறுக்குப்பாதையும் தெரியுமாமே."

"குறுக்குப்பாதை தெரியாதுங்க அக்கா. நேர்பாதை எங்கெங்க அடைபட்டிருக்குன்னு தெரியும்."

முதலில் வியாபாரப் பதிவு. அதற்குப் பிரதேச செயலகம். அதற்குக் கிராம உத்தியோகத்தரின் சான்று. அதற்கு இடத்தின் சொந்தக்காரரின் சம்மதம். அக்கா அப்போது தைத்தது தன் லயக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஓர் அறையில். தங்கை தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்வதால் கிடைத்த ஒரு காம்பரா, அதன் முன்பக்கம். லயத்துக்குச் சொந்தக்காரர் யார்? கம்பனி. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் கடிதம் கேட்டோம். லயம் குடியிருக்கத்தான், வியாபாரத்துக்கு அல்ல என்றார் துரை. தலைமை அலுவலகத்தின் காணிப் பிரிவும் அதையே சொன்னது. அதே கட்டடத்தில், ஒரு மாடி மேலே, உள்ளடக்கல் பிரிவு எங்கள் விண்ணப்பத்தை ஆவலோடு எதிர்பார்ப்பதாக எழுதியது. இரண்டு பிரிவுக்கும் நடுவில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. முப்பது வருடமாக நான் பார்க்கிறேன், அதில் எவரும் ஏறி இறங்குவதில்லை.

சரி என்று அக்கா டவுனில் சலூனுக்குப் பின்னால் ஒரு அறையை வாடகைக்கு எடுத்தார். பதிவு கிடைத்தது. வங்கிக் கணக்கு திறந்தோம். வரி இலக்கம் எடுத்தோம். எல்லாவற்றையும் கம்பனியின் இணையத்தளத்தில் ஏற்றினேன். பதில் உடனே வந்தது. தகுதி இல்லை.

காரணத்தை வாசித்தபோது நான் சிரித்தேன். வழங்குநர் கம்பனியின் உடைமையில் குடியிருப்பவராக இருக்கக்கூடாது. இந்த விதியின் பிறப்பை நான் அறிவேன். வெகுகாலத்துக்கு முன்னால் ஒரு துரை, தோட்டத்து விறகைத் தன் மச்சான் பெயரில் அந்தத் தோட்டத்துக்கே விற்றுக்கொண்டிருந்தார். அவரைத் தடுக்கப் போட்ட விதி அது. துரை போய்விட்டார், மச்சானும் போய்விட்டார், விறகும் எரிந்துவிட்டது. விதி மட்டும் படங்கக்காவுக்காகக் காத்திருந்தது.

யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் வாழ்கிறவர்களிடம் வாங்குவதற்கு ஒரு திட்டம். தோட்டத்தில் வாழ்கிறவர்கள் விண்ணப்பிக்கக்கூடாது என்று ஒரு விதி. இரண்டும் ஒரே கம்பனியுடையவை. இன்றைய பிரதிகள் இரண்டிலும் ஒரே ஆள் கையெழுத்து.

அப்படியானால் ஆர்டர் யாருக்குப் போனது? கொழும்பில் மழைக்கோட்டும் குடையும் விற்கிற ஒரு வியாபார நிறுவனத்துக்கு. அதன் முதலாளி இந்த மலையில் தேனிலவுக்கு வந்திருக்கலாம். அவருக்கு எப்படி உள்ளடக்கல் தகுதி வந்தது என்று விசாரித்தேன். சமூகப் பங்காளர் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்வதாக எழுதிக் கொடுத்திருந்தார். ஆதாரமாக ஒரு புகைப்படம் இணைத்திருந்தார். படங்கக்காவின் முகம்.

"குடைக்காரனா சேர்?" என்று மட்டும் கேட்டார் அக்கா. எல்லாவற்றையும்விட அதுதான் அவரைச் சுட்டது.

திட்டத்தின் தொடக்க விழா நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலில். முகத்துக்கு அழைப்பு வந்தது. துணைக்கு நான் போனேன். கொட்டுகிற மழை. அக்கா நீலச் சேலைக்கு மேல் படங்கு கட்டி, என் குடையைப் பஸ்ஸிலேயே வேண்டுமென்றே மறந்துவிட்டு, நனைந்த என்னையும் நனையாத தன்னையும் ஹோட்டல் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"நோனா, அதைக் கழற்றி வெளியே தொங்கவிடுங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார் காவலாளி.

"இது குடை இல்லை மாத்தயா, என் உடுப்பு" என்று அதே சிங்களத்தில் சொன்னார் அக்கா. "நீங்க முப்பத்திநாலு. லீவு நாள்ல நோர்வூட் பக்கம் வாங்க."

மேடையில் கொழும்புப் படங்கு ஒன்றை ஒரு மரப்பொம்மைக்குக் கட்டி, பக்கத்தில் பூச்சாடி வைத்திருந்தார்கள். கம்பனியின் இலச்சினை அதன் வயிற்றில் மின்னியது. கம்பனியை நடத்தும் பணிப்பாளர் ஆங்கிலத்தில் பேசினார். நீதி, கண்ணியம், பங்கேற்பு எல்லாம் வந்தன. கோட் தம்பி தமிழில் சொன்னார். தமிழிலும் அவை பிரசுரத்தை விட்டு இறங்கவில்லை. பிறகு படங்கக்காவை மேடைக்கு அழைத்து ஒரு கண்ணாடிக் கேடயத்தைக் கொடுத்து, நன்றியாக இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அக்கா கேடயத்தை நாற்காலியில் வைத்தார். பொம்மையிடம் போனார். தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"இத ஊத்திப் பாத்தீங்களாங்க?"

கோட் தம்பி புன்னகைத்தார்.

அக்கா பொம்மையின் படங்கை அவிழ்த்தெடுத்துக்கொண்டு பணிப்பாளர் முன்னால் வந்து நின்றார். ஒரு பார்வை. "நாப்பத்திரெண்டு. கையத் தூக்குங்கய்யா."

இங்கேதான் அந்தப் பெரிய மனிதர் ஒரு தவறு செய்தார். மலைக்கு வரும்போதெல்லாம் மாலையும் பொன்னாடையும் வாங்கிப் பழகியவர். எங்கள் பெண் ஒருத்தி கையில் துணியோடு தன் முன்னால் வந்தால் அது மரியாதை செய்யத்தான் என்பதில் அவருக்கு இம்மியும் சந்தேகமில்லை. இரண்டு கைகளையும் தூக்கினார். கமராக்களைப் பார்த்துச் சிரித்தார். அக்கா சுற்றிக் கட்டி, நாடாவை இழுத்து முடிந்தார். பேச்சாளர் மேசையிலிருந்த தண்ணீர்க் கூசாவை எடுத்தார். பணிப்பாளர் அதையும் புரிந்துகொண்டார். தீர்த்தம். கண்ணை மூடி, கும்பிட்டு, தலையைக் குனிந்துகொடுத்தார்.

அக்கா தலையில் ஊற்றவில்லை. இடுப்பில், முன்தையல் வழியே, நிதானமாக, கூசா காலியாகும்வரை ஊற்றினார். அடுத்த கூசாவையும் எடுத்தார். வெளிர் சாம்பல் நிறக் காற்சட்டை. முதலில் ஒரு கோடு இறங்கியது. பிறகு கோடு ஆறாகியது. சப்பாத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

கண்ணைத் திறக்காமலே பணிப்பாளர் ஆங்கிலத்தில் கேட்டார், சடங்கு இன்னும் இருக்கிறதா என்று.

"அவ்வளவுதாங்க" என்றார் அக்கா, கேள்வி விளங்கியதுபோல. "தையல் தண்ணி எடுக்குது. வெளிப்பக்கம் தச்சிருக்கான். கொழுந்துல நிக்கிறவளுக்கு ஒரு மணி நேரம் தாங்காது. இதக் குடுத்தா எங்க பொம்பளைங்களுக்குச் சளி புடிச்சிச் செத்துப்போவாங்க."

கோட் தம்பியின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஒலிவாங்கியைப் பிடித்து ஆங்கிலத்தில் சொன்னார், "உங்களுக்கு நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் கிடைக்க அவர் வாழ்த்துகிறார்."

மண்டபம் எழுந்து கைதட்டியது. நானும் எழுந்தேன். சரியான மொழிபெயர்ப்பை, நல்ல ஆங்கிலத்தில், என்னால் முடிந்த அளவு உரக்கச் சொன்னேன். ஒலிவாங்கி என்னிடம் இல்லை. கைதட்டல் அடங்கும்போது பக்கத்து மேசைக்காரர் என்னிடம், உங்கள் கலாசாரம் மிக அழகானது என்றார்.

நடவடிக்கை எடுப்பார்கள் என்று பயந்தேன். எடுத்திருந்தால்கூட மரியாதை. கம்பனியின் சஞ்சிகையில் முழுப்பக்கப் படம் வந்தது. பணிப்பாளர் கண்மூடி நிற்கிறார், அக்கா ஊற்றுகிறார். கீழே, தோட்டச் சமூகத்தின் பாரம்பரிய நீராசி என்று ஒரு வரி. அடுத்த விழா மஸ்கெலியாவில். அங்கே பித்தளைக் குடமும் படங்கு கட்டிய இரண்டு பெண்களும் ஏற்பாடு செய்யும்படி தோட்டத்துக்கு உத்தரவு போனதாகக் கேள்விப்பட்டேன். இவர்களை என்ன செய்வது? திட்டினாலும் அதைக் கலாசாரம் என்று சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த உள்ளடக்கலில் மட்டும் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

கொழும்புப் படங்குகள் வந்தன. காலைப் பெரட்டில், ஆள்கணக்கு எடுத்து வேலை பிரிக்கிற இடத்தில், ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அன்றே மழை. பின்னேரம் கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் நின்ற இடமெல்லாம் ஈரம். அக்காவின் தங்கை அவர்களில் ஒருத்தி. வாரம் முடியுமுன் அவளுக்கு நெஞ்சுச் சளி. பெண்கள் எல்லோரும் படங்கைக் கழற்றி, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவின் காலடியில் குவித்துவிட்டு, பழைய சாக்குகளைத் தேடிக் கட்டிக்கொண்டார்கள். அடுத்து நடந்தது நான் எதிர்பார்த்ததுதான். குடைக்காரரின் வேன் சலூனுக்கு முன்னால் வந்து நின்றது. தையலைப் பிரித்து ஒழுங்காகத் தைத்துத் தர வேண்டும், துண்டுக்கு இவ்வளவு என்று பேசினார் வந்த ஆள். விலையைச் சொன்னால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும்.

"முப்பத்தாறு தம்பி, நீங்க கொண்டாந்ததுல ஒண்ணக் கட்டுங்க" என்றார் அக்கா.

"எதுக்குங்க?"

"கட்டுனாத்தான் பேச்சு."

ஒரு வாளி அல்ல, இரண்டு. அந்த ஆள் குளிரில் நடுங்கிக்கொண்டு மூட்டைகளை இறக்கினார். அக்கா வாங்கி அடுக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவன் பேருக்கு நீங்க தைக்கிறதாக்கா? வேணாம்னு திருப்பி அனுப்புங்க. அவங்க மானம் போகட்டும்."

"மழை என்னா அவன் பேரக் கேட்டுட்டா பேயுது சேர்? அவனுக்கு மானம் போக முந்தி எந் தங்கச்சிக்கு உசுரு போயிரும்."

நான்கு பெண்களும் இரவு பகலாகத் தைத்தார்கள். தையலை உள்ளே மடித்து, ஓரத்தைத் திருப்பி, ஒவ்வொன்றையும் கட்டி, ஊற்றிப் பார்த்து அனுப்பினார்கள். கம்பனியின் இலச்சினையை மட்டும் அக்கா ஒன்றுவிடாமல் பிரித்தெடுத்துவிட்டார். அந்த இடத்து ஊசி ஓட்டை ஈரம் எடுக்குமாம், பசை வைத்து அடைத்தார். இலச்சினைத் துண்டுகளைச் சலூன்காரர் கத்தி துடைக்க வாங்கிக்கொண்டார்.

ஆண்டறிக்கையில் இதுவும் வெற்றிதான். சமூகப் பங்காளர் மூலம் தரமான படங்கு என்று வந்தது. பங்காளரின் பெயர் இல்லை. அதில் நான்கு பெண்களும் இல்லை. அவர்களில் ஒருத்தி அதற்குள் குவைத்துக்குப் போய்விட்டாள்.

நான் விடவில்லை. நடைமுறை தெரிந்த கிழவனைப் போல ஒரு கம்பனிக்குத் தொல்லை வேறில்லை. மேன்முறையீடு, அதற்கு நினைவூட்டல், நினைவூட்டலுக்கு நினைவூட்டல். பிரதி காணிப் பிரிவுக்கு, பிரதி உள்ளடக்கல் பிரிவுக்கு, பிரதி வெளிநாட்டு வாங்குநருக்கு. கடைசியில் ஒரு பதில் வந்தது. விண்ணப்பதாரர் தமது வதிவிடத்தைக் கம்பனி உடைமைக்கு வெளியே மாற்றிக்கொண்டால் மீள்பரிசீலனை செய்யப்படும். தையல் அறையில் நின்று அதை வாசித்துக் காட்டினேன்.

அக்கா மெஷினை நிறுத்தினார்.

"எங்க சேர் போகச் சொல்றாங்க?"

எனக்குத் தெரியாத படிவம் இந்த நாட்டில் இல்லை. இதே கேள்வியை அவருடைய தாத்தாவும் இந்த மலையில் நின்று கேட்டிருப்பார். அப்போதும் ஒரு படிவத்தை நீட்டினார்கள். அதோடு இந்தியாவுக்குப் போக ஒரு கப்பலும் வைத்திருந்தார்கள்.

அந்த மழைக்காலத்தில் நான் காய்ச்சலில் விழுந்தேன். தனியாக இருக்கிறவன் படுத்தால் அடுப்பும் படுத்துவிடும். எழுந்து நடமாடத் தொடங்கிய நாளில் பாண் வாங்கப் படங்கைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அது இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தேன். சலூனுக்கு எதிரில் வந்ததும் குரல் வந்தது. அதில் முப்பத்தெட்டைக் காணவில்லை.

"சேர். நில்லுங்க."

தெருவில் கண்டதும் எண் சொல்லாமல் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. மேலும் கீழும் பார்த்தார். படங்கை அவிழ்த்துக்கொண்டுபோய் மெஷினில் போட்டார். கடகடவென்று ஒரு ஓட்டம். தட்டில் இரண்டு ரொட்டியும் சம்பலும் வந்தன.

"சாப்புடுங்க. அந்த வாங்குற வெள்ளக்காரவங்களுக்கு அடுத்த கடுதாசி எழுதணும். எழும்பாம கெடந்தா யாரு எழுதுறது?"

"அதே பதில்தான் வரும் அக்கா."

"வரட்டும். நம்மளும் அதயே எழுதுவோம். போறதுக்கு எடமில்லைன்னு எழுதுங்க."

சாப்பிட்டேன். படங்கை அவரே கட்டிவிட்டார். இடுப்பில் கச்சிதமாக நின்றது. தண்ணீர் ஊற்றவில்லை, காய்ச்சல்காரனுக்கு விலக்கு. நாடாவைத் தொட்டுப் பார்த்து, வெட்டிச் சுருக்கிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"வெட்டலைங்க. மடிச்சித்தான் தச்சிருக்கேன். முப்பத்தெட்டு ஆனதும் பிரிச்சி விட்டுறலாம்."

வாரம் தவறாமல் கடிதம் எழுதுகிறேன். கொண்டுபோய் வாசித்துக் காட்டும்போது ரொட்டி வருகிறது. இப்போது முப்பத்தேழு என்கிறார். மடிப்பு அப்படியே இருக்கிறது.